இரண்டு லட்சத்துக்கு ஓர் இரைச்சல்

இந்த முறை கீழ்வேளூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வாத்தியக் கேள்விகள். திருவிழாக்கள் முடிந்து ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குக் கடிதம் எழுத நேரம் கிடைத்திருக்கிறது போல. கடிதங்களில் இருந்த கம்பெனிப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஒருவரைச் சொன்னால் மற்றவர் யோக்கியர் என்று ஆகிவிடும்.

மெல்லிசைக்காரர், கீழ்வேளூர்: இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து அமெரிக்க பேஸ் கிட்டார் வாங்கினேன். தடித்த கம்பியில் முதல் நாலு ஃப்ரெட்டை அழுத்தினால் 'ஜ்ர்ர்' என்று இரைகிறது. 'வாசிக்க வாசிக்க செட் ஆயிடும் சார்' என்கிறார் கடைக்காரர். ஆகுமா?

தானாக ஆகாது. யாராவது செட் செய்தால் ஆகும். அந்த 'யாராவது' யார் என்பதில்தான் கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் உங்களுக்கும் தகராறு.

இரைச்சல் எங்கே வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தலைப்பக்கம் மட்டும் இரைந்தால் நெக் அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது, அல்லது பின்பக்கமாக வளைந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தலைதூக்கி நிற்கிறது. பன்னிரண்டுக்கு மேல் இரைந்தால், நெக் உடம்போடு சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். எல்லா இடத்திலும் இரைந்தால் கம்பியை ரொம்பத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள், அல்லது நீங்கள் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓங்கி அடித்தே பழகியவர்.

உங்களுடையது முதல் வகை. முதல் ஃப்ரெட்டை ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டை மறு கையாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், சுமார் 0.3 மில்லிமீட்டர். நுழையவில்லையென்றால் நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு, டிரஸ் ராடு என்பார்கள், இறுக்கமாக இருக்கிறது. கூட வந்த ஆலன் சாவியால் இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்திவிட்டு, சுதி சேர்த்து, மறுபடி பாருங்கள். அசைய மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். புது வாத்தியத்தில் அசையாத டிரஸ் ராடு இருந்தால் அது உண்மையான குறை. பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டியது அதற்குத்தான், இரைச்சலுக்கு அல்ல.

கணக்குப் பார்ப்பவர், தேவூர்: அப்படியானால் இரண்டு லட்சம் எதற்கு வாங்குகிறார்கள்?

மரத்துக்கு, தலையில் எழுதிய பெயருக்கு, அங்கே வேலை பார்ப்பவரின் சம்பளத்துக்கு, கப்பலுக்கு, சுங்கத்துக்கு, ஜி.எஸ்.டி.க்கு, இறக்குமதி செய்தவருக்கு, கடைக்காரருக்கு. இவ்வளவு பேரும் எடுத்துக்கொண்ட பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து ஃப்ரெட்டுகளை ஒரே மட்டமாக ராவ வேண்டும், நட்டில் கம்பி படியும் பள்ளத்தை அரத்தால் இழைக்க வேண்டும், பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் திருத்த வேண்டும். மலிவான கிட்டாரில் இந்த வேலை நடப்பதே இல்லை. விலை உயர்ந்ததில் நடக்கிறது, ஆனால் உங்கள் ஊருக்காக நடக்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பவர், ஆழியூர்: பையன் பேஸ் வாசிக்கிறான். ஐப்பசி மழை ஆரம்பித்தால் கிட்டார் கோணிக்கொள்கிறது என்கிறான். கம்பெனிக் குறையா, காலத்தின் குறையா?

ஈரப்பதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா? 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டோம் என்று மிஷினை நீட்டுகிறார்களே, கிட்டார் செய்கிறவர்களும் மரத்தை அப்படித்தான் அளந்து எடுக்கிறார்கள். அவர்களுடைய வரம்பு 6 முதல் 8 சதவீதம். உங்கள் நிலைய எழுத்தர் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

அவ்வளவு காய்ந்த மரத்தை, காற்றின் ஈரத்தை 45, 50 சதவீதத்தில் கட்டிவைத்த கூடத்தில் இழைத்துப் பெட்டியில் போடுகிறார்கள். பெட்டி கப்பலேறி வந்து, வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் ஒரு சாயங்காலத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் திறக்கப்படுகிறது. மரம் ஈரத்தைக் குடிக்கிறது. குறுக்குவாட்டில் ஊதும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. நெக்கின் முன்பக்கப் பலகையும் பின்பக்க மரமும் வேறு வேறு அளவில் ஊதினால் நெக் வளையும். சித்திரையில் அதே மரம் ஒடுங்கும்போது ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும்.

மரம் அசைவது கம்பெனியின் குற்றம் இல்லை. அசையும் என்று தெரிந்தே விற்றுவிட்டு, விற்ற ஊரில் அதைச் சரிசெய்ய ஓர் ஆளை வைக்காதது குற்றம்தான். பையனிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசிட்டிங் கார்டு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பக்தர், கீழ்வேளூர்: குறையே இல்லாத பேஸ் கிட்டார் எங்கே கிடைக்கும்?

குறையில்லாதவர் உங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார், கேடிலியப்பர். அவரைப் பார்க்கவே மாடக்கோயில் படி ஏற வேண்டியிருக்கிறது.

வீணை டீச்சர், திருவாரூர்: இந்தத் தொல்லையெல்லாம் கிட்டாருக்குத்தானே? எங்கள் தஞ்சாவூர் வீணைக்கு ஏது?

டீச்சர், கடைசியாக மேளம் கட்டியது எப்போது?

வீணையின் 24 மெட்டுகளும் தண்டியின்மேல் தேன்மெழுகும் கரியும் கலந்த மேடையில் உட்கார்ந்திருக்கின்றன. கத்திரி வெயிலில் கார் டிக்கியில் வீணையை வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாடு முடித்துத் திரும்பிப் பாருங்கள், மத்திமம் பஞ்சமத்தை விசாரிக்கக் கிளம்பியிருக்கும். பிறகு ஆசாரி வந்து மெழுகை இளக்கி, மெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, காதால் சுரம் பார்த்துப் பதிக்க வேண்டும். மேளம் கட்டுவது என்பது இதுதான். குறை உண்டு, தாராளமாக உண்டு. அதைக் குறை என்று நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆசாரி கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

கிட்டாரில் ஃப்ரெட்டின் இடம் தப்புவது அபூர்வம். கம்பியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் வரும். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 1.9 அங்குலத்தில் விழும், அதை மிஷின் அறுத்துவிடும். வீணையில் அந்தக் கணக்கு ஆசாரியின் காதில் இருக்கிறது. ஆகவே கிட்டாரின் பிழை உயரத்தில், வீணையின் பிழை இடத்தில். உயரப் பிழையைத் தீர்க்க உலோகத்தை ராவ வேண்டும். ராவியது திரும்ப வளராது. இடப் பிழையைத் தீர்க்க மெழுகைச் சூடாக்கினால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும். தண்டியில் மெழுகை வைத்தவர்கள் தங்களுக்கு ஆணியடிக்கத் தெரியாமல் வைக்கவில்லை. பிறகு திருத்துவதற்கு என்றே அந்த இடத்தை விட்டுவைத்தார்கள்.

24 மெட்டுகளையும் நிலையாகப் பதிக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகுநாத நாயக்கர் அரண்மனையில் வந்தது என்று தஞ்சாவூரில் சொல்வார்கள். 'நிலையாக' என்ற சொல்லை மே மாதத்தில் வீணை வைத்திருப்பவர்கள் சிரிக்காமல் படிக்க வேண்டும்.

அதே டீச்சர், இரண்டாம் கேள்வி: ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு ஒட்டு வீணையைவிட விலை மிக அதிகம் சொல்கிறார்கள். நாதமும் அதிகமா?

பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம், வெடிப்பு இல்லாமல் குடமும் தண்டியும் ஒரே துண்டில் கிடைக்க வேண்டும், குடையும்போது கை தவறக் கூடாது. விலை நியாயம்தான். நாதம்? நல்ல ஏகாண்டம் மோசமான ஒட்டைவிட நன்றாக ஒலிக்கும், நல்ல ஒட்டு மோசமான ஏகாண்டத்தைவிட நன்றாக ஒலிக்கும். வீணைத் தலையிலுள்ள யாளியின் பல்லை எத்தனை அழகாகச் செதுக்கினாலும் சரணிக் கம்பிக்கு அது தெரியாது. 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு, வீணை தஞ்சாவூரில் பிறந்தது என்பதற்குச் சான்று. மேளம் சரியாகக் கட்டியிருக்கிறது என்பதற்கு அல்ல.

காசு கொடுக்கும்முன், கம்பிகளைத் தாங்கும் குதிரையின்மேல் பதித்த தகட்டைப் பாருங்கள். 1921இல் சி.வி. ராமன் வீணை, தம்புரா குதிரைகளை ஆராய்ந்து எழுதினார். கம்பி கூரான விளிம்பில் நிற்காமல் வளைந்த பரப்பில் தொட்டுத் தொட்டு எழுகிறது. அதனால், கம்பி விதிப்படி கேட்கவே கூடாத மேல்சுரங்களும் கேட்கின்றன என்று காட்டினார். அந்தத் தகட்டின் வளைவு ஒரு மயிரிழை மாறினால் வீணை ஊமையாகும், இல்லையேல் கத்தும். இதில் வேடிக்கை என்னவென்றால், கீழ்வேளூர் மெல்லிசைக்காரர் காசு கொடுத்து விரட்டப் பார்க்கும் இரைச்சலுக்கு உறவுக்காரன் ஒருவனை நாம் காசு கொடுத்து வாங்கி, நாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அவசரக்காரர், நாகப்பட்டினம்: கிட்டாரை வீணை ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்யலாமா?

நெக் கோணலா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார், அதற்குக் கொண்டுபோங்கள். டிரஸ் ராடைத் தொடச் சொல்லாதீர்கள். மெழுகு வைக்க ஆசைப்படுவார்.

நாகஸ்வரக் குடும்பத்துப் பேரன், வலிவலம்: தாத்தா புது நாகஸ்வரம் வாங்கி வந்த மறுநாளே துளைகளில் மெழுகு வைத்து அடைக்கிறார். அடைக்க வேண்டிய அளவுக்குக் குறை இருந்தால் ஏன் வாங்கினார்?

தம்பி, துளைகளை எண்ணிப் பார். பன்னிரண்டு இருக்கும். ஏழு விரலுக்கு. மீதி ஐந்தும் சுருதியைச் சரிப்படுத்த விட்டவை, பிரம்மசுரம் என்று தாத்தா சொல்லியிருப்பார். எதை எவ்வளவு அடைத்தால் தன் மூச்சுக்கும் தன் சீவாளிக்கும் சுருதி நிற்கும் என்பது வாசிப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே நரசிங்கம்பேட்டை ஆசாரி தன் வேலையை முடித்துக் கொடுத்த இடத்திலிருந்து தாத்தா வேலையைத் தொடங்குகிறார். அவர் ஓட்டையை அடைக்கவில்லை, வாத்தியத்தை முடிக்கிறார்.

மரத்திலேயே அந்த ஊர்க்காரர்களின் தரக்கட்டுப்பாடு தெரியும். பச்சை மரம் தொட மாட்டார்கள். இடித்த பழைய வீட்டின் உத்திரம், தூண் என்று பல பத்தாண்டுகள் காய்ந்து, இனி அசைய எதுவும் மிச்சமில்லாத ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள். கிட்டார்க் கம்பெனிக்காரன் சூளையில் வைத்துச் சில வாரங்களில் செய்வதை நம் தாத்தாக்கள் கூரையைத் தாங்கவைத்துச் செய்துவிட்டார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாசிப்பவர் சொல்லி ஆசாரி வாத்தியத்தையே மாற்றிய கதையும் அந்த ஊரில்தான். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குத் திமிரி என்னும் குட்டை நாகஸ்வரத்தின் உச்ச சுருதி ஒத்துவரவில்லை, சுத்த மத்திமம் அவர் கேட்டபடி விழவில்லை. ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டிப் பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இன்று கச்சேரிகளில் நீ பார்ப்பது பெரும்பாலும் பாரிதான். ஒரு வித்வானின் புகார் வாத்தியத்தின் வடிவமாகவே ஆகிவிட்டது. இன்றைக்கு அதே புகாரைச் சொன்னால் டிக்கெட் எண் ஒன்று கொடுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்பார்கள்.

சீவாளியை விட்டுவிட்டேன். தாத்தா ஒரு கொத்துச் சீவாளியைத் தொங்கவிட்டிருப்பாரே, கச்சேரிக்கு முன் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து ஒன்றை எடுப்பார். மற்றதெல்லாம் அன்றைய பரீட்சையில் தோற்றது. நாளைக்குத் தேறலாம்.

மிருதங்க மாணவன், சிக்கல்: மிருதங்கத்திலும் இப்படி ஆசாரி, வித்வான் உறவு உண்டா?

உண்டு, கொஞ்சம் கசப்போடு. பாலக்காடு மணி ஐயரின் வாத்தியத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்தின் கை இருந்தது. தோல் தேர்வு, வார் பிடிப்பு, கரணை போடுவது எல்லாம் இருவரும் பேசிப் பேசிக் கண்டுபிடித்தவை. பர்லாந்தின் தகப்பனார் செபாஸ்டியன் தொடங்கி அந்தப் பரம்பரையைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். கிட்டாரின் தலையில் கம்பெனிப் பெயர் பளபளக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. மிருதங்கத்தில் இரண்டுமே இல்லை. மாட்டுத்தோலைத் தொட்டு வேலை செய்தவரை மேடைக்குக் கூப்பிட்டு உட்காரவைக்க நமக்கு ரொம்ப நாளாயிற்று, இன்னும் முழுதாக ஆகவில்லை.

கல்லூரி மாணவர், திருக்குவளை: அண்ணே, என் பேஸில் ஜி கம்பியில் அஞ்சாவது, ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் சுரம் பொசுக்குன்னு அடங்கிடுது. ஃப்ரெட்டெல்லாம் மட்டமாத்தான் இருக்கு. திருப்பிக் கொடுத்திடட்டுமா?

கொடுத்து வேறொன்று வாங்கினால் அதிலும் அநேகமாக அதே பக்கத்தில் அடங்கும், தம்பி. இதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த நாளிலிருந்து மரக்கழுத்து பேஸ்கள் பெரும்பாலானவற்றிலும் ஜி கம்பியில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே இது தொடர்ந்து வருகிறது. நெக்குக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. நீ வாசிக்கும் சுரம் அதோடு பொருந்திவிட்டால் கம்பியின் பலத்தை நெக் உறிஞ்சிக்கொண்டு தான் ஆடும். உனக்குச் சுரம் செத்துப்போகும், நெக்குக்கு ஆனந்தம்.

தலையில் ஒரு சின்ன உலோகக் கிளாம்ப்பை மாட்டினால் எடை கூடி அந்த இடம் நகரும். போகாது, நகரும். நீ அதிகம் வாசிக்காத சுரத்துக்கு அதைத் தள்ளிவிடு. முற்றிலும் ஒழிக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1980ஐ ஒட்டி நெட் ஸ்டைன்பெர்கர் தலையே இல்லாமல், கார்பன் இழையில் ஒரு பேஸ் செய்தார். சுரம் சாகவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் 'மரத்தின் குரல் இல்லையே' என்றார்கள். மனுஷனுக்குத் திருப்தி கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கம்பெனிப் பக்கம்.

ஆன்லைன்வாசி, கச்சனம்: அதே அமெரிக்க பேஸ், அதே பெயர், இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். அதே பெயர்தான் கிடைக்கும்.

மறுபடியும் ஆன்லைன்வாசி: சரி, பழைய கிட்டாரை ஒருவர் வீடியோவில் வாசித்துக் காட்டுகிறார். செல்போனில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது?

பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உங்கள் செல்போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கும் சக்தி கிடையாது. நீங்கள் கேட்பது மேல்சுரங்களை மட்டும், மீதியை உங்கள் மூளை இட்டுநிரப்புகிறது. நேரில் போங்கள்.

சந்தேகப் பிராணி, குருக்கத்தி: மேடையில் பேஸ் கிட்டார் சத்தம் யார் காதிலும் விழுவதே இல்லை. அதற்கு இத்தனை ஆராய்ச்சியா?

அடுத்த கச்சேரியில் பேஸ்காரரைக் கீழே உட்காரவைத்துவிட்டு இளையராஜா பாட்டு ஒன்றை எடுங்கள். முதல் சரணம் வருவதற்குள் கூட்டம் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கும். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

பழமை விரும்பி, திருவாரூர்: பழைய அமெரிக்க கிட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாமே?

கண்ணைத் திறந்தே வாங்குங்கள். லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். உற்பத்தி பெருகியது, புகாரும் பெருகியது. 1970களில் சில மாடல்களில் நெக்கை நாலு திருகுக்குப் பதில் மூன்றில் நிறுத்தினார்கள். யோசனை மோசமில்லை. ஆனால் மரத்தில் பள்ளத்தைத் தளர்வாக வெட்டிவிட்டு மூன்று திருகு போட்டால் நெக் இடமும் வலமும் ஆடாமல் என்ன செய்யும்? 1985இல் ஊழியர்களே சேர்ந்து கம்பெனியைத் திரும்ப வாங்கிச் சீர்ப்படுத்தினார்கள். அன்று ஆடிய அதே கிட்டார்கள் இன்று 'விண்டேஜ்' என்று நல்ல விலைக்குப் போகின்றன. ஐம்பது வருஷம் காத்திருந்தால் உங்கள் குறையும் அரும்பொருள் ஆகும்.

இன்னும் ஒன்று. 1995 முதல் அதே கம்பெனி, புதுக் கிட்டாரில் வேண்டுமென்றே பெயிண்டைச் சுரண்டி, திருகைத் துருப்பிடிக்கவைத்து, 'ரெலிக்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. வேளாங்கண்ணியில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு வருஷம் வைத்திருந்தால் அந்த வேலை இலவசமாக முடியும்.

பாடகர் குழு பேஸ்காரர், வேளாங்கண்ணி: அதைத்தான் கேட்க வந்தேன். செப்டம்பர் திருவிழாவுக்குப் போட்ட கம்பி அக்டோபரில் துருவேறிவிடுகிறது. ஆம்ப்பில் கரகரப்பு வேறு. பந்தலில் வாசித்தால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். எல்லாமே கிட்டாரின் குறையா?

கம்பி உப்புக்காற்றின் வேலை. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், மேல்பூச்சுள்ள கம்பி போடுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். கரகரப்பு பெரும்பாலும் கேபிள் செருகும் துளையில் படிந்த களிம்பு. கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் போகும்.

உறுமல் விஷயம் வேறு, கவனமாகக் கேளுங்கள். கம்பியைக் கையால் தொட்டதும் உறுமல் குறைந்தால் கிட்டாரின் உள்வயரிங் சரி, சிங்கிள் காயில் பிக்கப் கொஞ்சம் உறுமத்தான் செய்யும். ஆனால் வாசித்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று அடித்தால் உடனே கீழே இறங்கிவிடுங்கள். அது பந்தல் வயரிங்கில் எர்த் இல்லை என்பதன் அடையாளம். நம் பக்கத்தில் ஜெனரேட்டர் வண்டியின் எர்த் கம்பி தரையில் இறங்காமல் சக்கரத்தில் சுற்றியே கிடப்பது புதிதல்ல. கிட்டார்க் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தது, மைக் இன்னொரு மிஷினோடு சேர்ந்தது, நடுவில் பாலமாக நீங்கள். ஃப்ரெட் ஒரு மில்லிமீட்டர் உயரமா என்று கடையில் சண்டை போடுகிறவர்கள் இதைக் கேட்காமல் மேடையேறுகிறார்கள்.

மர வியாபாரி, நாகப்பட்டினம்: நம் காட்டு ஈட்டி மரத்தில்தான் அவர்கள் கிட்டாரே செய்கிறார்களாமே?

ஃப்ரெட் பதிக்கும் பலகைக்கு இந்திய ஈட்டி உலகப் பிரசித்தம். அதனால் வம்பும் வந்தது. 2011இல் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காக கிப்ஸன் கம்பெனியில் அமெரிக்க அரசே சோதனை போட்டது. எந்தக் கனம் வரை இழைக்காத மரத்தை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யலாம் என்பது சண்டை. மடகாஸ்கர் கருங்காலி விவகாரமும் கூடவே இருக்க, 2012இல் 3 லட்சம் டாலர் அபராதத்தோடு சமாதானம் ஆயிற்று. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. கிட்டாரோடு விமானம் ஏறுகிறவர்கள் மரத்துக்கும் சேர்த்துக் காகிதம் தேடினார்கள். 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறிவிட்டு, அதுவும் ஈட்டி மாதிரிதான் என்றன. விலை மட்டும் மாறவில்லை.

ரசிகர், ஒக்கூர்: கோடிக்கணக்கில் விலைபோகும் பழைய இத்தாலிய வயலின்களில் குறையே இருக்காது அல்லவா?

கண்ணைக் கட்டிக் கேட்டார்கள். நிஜமாகவே கட்டினார்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடியை இருட்டாக்கி மாட்டி, பழைய மரத்தின் வாசனை தெரியாமலிருக்க மோவாய் படும் இடத்தில் செண்ட் தடவி, மூன்று புது வயலின், இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒரு குவார்னேரி என்று ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக எது வேண்டும் என்றால் பெரும்பாலோர் புதிதைக் கேட்டார்கள். யாருக்கும் பிடிக்காமல் கடைசியில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். இரண்டு வருஷம் கழித்து முடிவு அச்சில் வந்தபோது சண்டை நாறியது. பழைய வயலின் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. விலைச்சீட்டு தெரிந்தால் காது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கடையில் பேஸ் வாங்கும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள்.

கைவேலைக்காரர், எட்டுக்குடி: கம்பெனி செய்ததை நாமே பிரித்து மாற்றினால் என்ன? வாரண்டி போய்விடுமா?

போகும். மேண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுக் கம்பி மேண்டலினை விட்டு ஐந்து கம்பி மின் மேண்டலினுக்கு மாறியபோது வாரண்டியை நினைத்திருந்தால் கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு வாத்தியம் குறைந்திருக்கும். நீங்கள் ஸ்ரீநிவாஸா என்று முதலில் வீட்டில் கேட்டுவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

மெல்லிசைக்காரர், கீழ்வேளூர் (இரண்டாம் கடிதம்): ஆலன் சாவியைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. என்ன வழி?

போனை விடுங்கள், எழுதுங்கள். 'சத்தம் சரியில்லை' என்று எழுதினால் அது உங்கள் ரசனை என்று மடக்குவார்கள். 'டிரஸ் ராடு சுழலவில்லை, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி இல்லை, இதோ வீடியோ' என்று எழுதினால் அது குறைபாடு. பில், வாரண்டி அட்டை, பெட்டியின் படம் எல்லாம் பத்திரம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்துவையுங்கள், பல கடைகள் அதிலேயே வழிக்கு வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருடச் சட்டப்படி கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கு முடியும்வரை சாவியை மறுபடி தொடாதீர்கள், 'இவர்தான் உடைத்தார்' என்பார்கள்.

முதல்முறை வாங்குபவர், கூத்தூர்: கடைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? சுருக்கமாக.

ஆம்ப்பில் செருகாமல் அரை மணி நேரம் வாசியுங்கள். ஆம்ப் பல பாவங்களை மூடிவிடும். நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி இறங்குங்கள், வெட்கப்பட வேண்டாம், இரண்டு லட்சம் உங்களுடையது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரிட்ஜைத் திருத்தித்தரச் சொல்லுங்கள், அது குறை இல்லை, சோம்பல். நெக்கின் ஓரத்தில் கையை மேலும் கீழும் தேயுங்கள், கீறினால் ஃப்ரெட் முனை ராவவில்லை. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். வளைவு திருத்தக் கூடியது, முறுக்கு திருத்த முடியாதது. டிரஸ் ராடு அசைகிறதா என்று கடைக்காரர் கையாலேயே காட்டச் சொல்லுங்கள். அதே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் வாசியுங்கள், பெயர் ஒன்று என்பதால் மூன்றும் ஒன்றல்ல. இதையெல்லாம் பார்க்கும்போது கடைக்காரர் முகம் சுளித்தால், விற்ற பிறகு அந்த முகம் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துவிடும்.

மெல்லிசைக்காரரின் மனைவி, கீழ்வேளூர்: இரண்டு லட்சத்துக்கு நகை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை உண்டா, சொல்லுங்கள்?

நகையிலும் சேதாரம் உண்டு அம்மா. அதை அவர்கள் பில்லிலேயே எழுதித் தந்துவிடுகிறார்கள்.